படம் ஏழில் என் மச்சான்

படம் ஏழில் என் மச்சான் நின்றுகொண்டிருந்தான். காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், என் மேஜைமேல், முத்திரை குத்திய அரசாங்கக் காகிதத்தில், வாயெல்லாம் பல்லாக. நான் அப்போதுதான் டீயை ஒரு வாய் உறிஞ்சியிருந்தேன். உள்ளே போவதா வெளியே வருவதா என்று அந்த டீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூக்கு வழியாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை. கட்டை விரலை ‘எல்லாம் ஜோர்’ என்று நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேமராவைக் கண்டால் வழக்கமாகக் காட்டுகிற அதே கோணங்கி முகம். என் மனைவியின் தம்பி. ஊரிலேயே பெரிய மெத்தைக் கடையின் முதலாளி. படத்தின் கீழே ‘விண்ணப்பதாரரின் கண்டுபிடிப்பால் தெளிவாகப் பதிவான பொருள்’ என்று எழுதியிருந்தது. அவனைப் பொருள் என்று எழுத்தில் குறிப்பிட்ட முதல் ஆள் யாரோ, அவர் வாழ்க என்று நினைத்துக்கொண்டேன்.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் சோறு தண்ணீர் மறந்து ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார். நான் பழைய காப்புரிமைகளில் துழாவி, ‘ஐயா, இதை உங்களுக்கு முன்னாலேயே இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டார்’ என்று சந்தோஷமாக எழுதி அனுப்புவேன். இதற்குச் சம்பளமும் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. என் மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டினாராம். நான் உற்றுப் பார்த்துவிட்டு, “மூக்கு புதுசில்ல, அவங்க அம்மாகிட்ட ஏற்கெனவே இருக்கு” என்றேனாம். என் மனைவி இன்றுவரை இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை. காதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அன்று கையில் இருந்த விண்ணப்பம் கேமராவின் ஆட்டோஃபோகஸ் பற்றியது. சாதாரண முறையில் கேமரா ஃபோகஸ் தேடுவது நான் மூக்குக்கண்ணாடி தேடுவது மாதிரி. முன்னே போகும், பின்னே வரும், போன இடத்துக்கே திரும்பப் போகும், படம் தெளிந்த மாதிரி இருந்தால் நிற்கும். ஃபேஸ் டிடெக்‌ஷன் என்ற முறைக்கு (இந்த ‘ஃபேஸ்’ முகம் இல்லை, கட்டம்) இந்த அலைச்சல் கிடையாது. லென்ஸின் இடது ஓரம் வழியாக வரும் காட்சியை ஒரு வரிசைப் புள்ளிகள் பார்க்கும், வலது ஓரம் வழியாக வருவதை இன்னொரு வரிசை பார்க்கும். இரண்டும் பொருந்தி உட்கார்ந்தால் படம் தெளிவு. விலகி நின்றால், எந்தப் பக்கம் விலகல், எவ்வளவு விலகல் என்பதை வைத்தே லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் எந்தச் சம்பவத்தையும் நான் ஒரு விதமாகச் சொல்வேன், என் மனைவி வேறு விதமாகச் சொல்வாள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தே உண்மை எங்கே இருக்கிறதென்று என் மகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். அதே கணக்குதான்.

இந்த முறைக்கு ஒரே ஒரு எமன் உண்டு. படுக்கைக்கோடு. இடதும் வலதுமாகப் பார்க்கிற கண்களுக்கு, இடமிருந்து வலம் ஓடுகிற கோடு நகர்ந்ததா நகரவில்லையா என்றே தெரியாது. எவ்வளவு தள்ளினாலும் அதே கோடுதான். ஜன்னல் திரைத் தகடுகள், படிக்கட்டு, கோடு போட்ட சட்டை, எதைக் கண்டாலும் கேமரா திருதிருவென்று விழிக்கும். இந்த விண்ணப்பத்தில் அந்தக் கண்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சென்சார் முழுக்கச் சாய்ந்த ஜோடிகள். சாய்ந்து பார்க்கிறவனுக்குப் படுத்த கோடும் நகர்வது தெரியும், நின்ற கோடும் நகர்வது தெரியும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு சுலபமான ஒன்றை ஏன் யாரும் செய்யவில்லை என்று பழைய காப்புரிமைகளை எல்லாம் புரட்டினேன். நான் கிளப்பிய தூசியில் எங்கள் மாடியே ஒரு வாரம் தும்மியது. ஒன்றும் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் மிக அபூர்வமாக, ‘இது புதுசு’ என்று எழுதப் பேனாவைத் திறந்திருந்தேன். கடைசியாக ஒருமுறை படங்களைப் புரட்டுவோம் என்று புரட்டியபோதுதான் மச்சான் வந்து நின்றான்.

அவன் சட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம். என் மகளின் கல்யாண விருந்துக்கு அவன் மெத்தை உறைத் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கடைக்கு விளம்பரமாம். தையல்காரர் துணியைக் குறுக்கே வைத்து வெட்டிவிட்டார் போல, கழுத்து முதல் தொப்பைக்குக் கீழே வரை படுக்கைவாட்டில் நீலக் கோடுகள். வயிறு வரும் இடத்தில் மட்டும் கோடுகள் பயந்து விலகி ஓடின. கல்யாணத்துக்கு வைத்த போட்டோக்காரர் அவனை எத்தனையோ படம் எடுத்தார். ஆல்பம் வந்தபோது பெண், மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியின் மூக்குத்தி எல்லாம் பளிச்சென்று இருந்தன. மச்சான் மட்டும் எல்லாப் படத்திலும் கலங்கிய நீல மேகமாக இருந்தான். “எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் ஆவி மாதிரி இருக்கேனே அக்கா” என்று அவன் நிஜமாகவே கண் கலங்கினான். அவனுக்கு ஒரே அக்கா, அக்காவுக்கு ஒரே மகள்.

விருந்து முடிந்த மறுநாள் காலையிலேயே என் மனைவி அந்தச் சட்டையைக் கைப்பற்றி, கிழித்து, தரை துடைக்கிற துணியாக்கிவிட்டாள். இது சாதாரணக் குடும்பச் செய்தி என்று நினைப்பீர்கள். சட்டப்படி இது மிகப் பெரிய செய்தி. அந்தச் சட்டை உலகத்தில் இருந்ததே ஒரே ஒரு நாள்தான். அப்படியானால் படம் ஏழு எடுக்கப்பட்டதும் அந்த நாளில்தான். விண்ணப்பம் வந்ததோ அதற்கு நாலைந்து மாதம் கழித்து.

காப்புரிமையில் இது உயிர்நாடி. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், ரகசியம் காக்கக் கடமைப்படாத யாரிடமாவது உங்கள் கண்டுபிடிப்பைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், உலகத்துக்கே சொன்ன மாதிரி. அப்புறம் அது உங்களுடையது இல்லை. அதிலும் என் மச்சானிடம் சொல்வதென்றால் உலகத்துக்குச் சொல்லி, மிச்சம் இருப்பதை நிலாவுக்கும் சொன்ன மாதிரி. எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்த விருந்திலிருந்தே அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். “நம்ம பாப்பாவோட சிநேகிதி ஒரு பொண்ணு, தானே செஞ்ச கேமரா, எனக்கு முழுக்க விளக்கிச் சொல்லுச்சு. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.” மெத்தை வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் தலையணையோடு இந்தக் கதையும் இலவசம்.

அந்தச் சிநேகிதியை என் மகள் ‘குருவி’ என்று கூப்பிடுவாள். எங்களுக்கும் அவள் குருவிதான். விண்ணப்பத்தில் இருந்த நீளமான முழுப் பெயருக்குள் அந்தக் குருவி உட்கார்ந்திருக்கும் என்று நான் கண்டேனா? மகளிடம் கேட்டேன். குருவி நல்ல வேலையை விட்டுவிட்டு, ஒரு வாடகை அறையில் லென்ஸுகளோடு குடித்தனம் நடத்துகிறாளாம். காப்புரிமை கிடைத்தால் ஒரு கம்பெனி அவளோடு ஒப்பந்தம் போடக் காத்திருக்கிறதாம். கிடைக்காவிட்டால் அதே கம்பெனி அதையே சும்மா செய்துகொள்ளும். “ஏம்ப்பா, ஏதாவது பிரச்சினையா?” என்றாள் மகள். “சேச்சே, சும்மா கேட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே மங்கலாகக் கேட்டது.

எங்கள் அதிகாரி அம்மாளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முற்றுப்புள்ளி. நாலு வார்த்தைக்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்ததில்லை. சிரித்துப் பார்த்தவர்களும் இல்லை. ஃபைலோடு போய் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“உங்க மச்சான்,” என்றார்.

“ஆமா மேடம்.”

“உங்க வீட்டு விருந்து.”

“ஆமா மேடம்.”

“ஃபைல் உங்ககிட்ட.” கையை நீட்டினார். கொடுத்தேன். “இனிமே என்கிட்ட. மச்சானைக் கூப்பிடுங்க. விசாரணை. நீங்களும் வரலாம். பேசக்கூடாது.”

வீட்டில் செய்தியைச் சொன்னதும் என் மனைவி கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். “என் தம்பியைக் கூட்டிட்டுப் போயி நாலு பேர் முன்னாடி முட்டாளாக்கப் போறீங்களா?” என்றாள். “அவனை யாரும் ஆக்க வேண்டியதில்ல” என்று சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, என் மனைவியும் இல்லை.

மச்சான் சாயங்காலம் வந்தான். நான் நீட்டிய விசாரணைச் சம்மனை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான், கல்யாண அழைப்பு மாதிரி.

“அத்தான், ஒண்ணு மட்டும் கேக்கறேன். எனக்குப் புரிஞ்சுதுன்னு சொன்னா அந்தப் பொண்ணுக்கு நல்லதா, புரியலைன்னு சொன்னா நல்லதா?”

“அதை நான் சொல்லக்கூடாது மச்சான். உள்ளதை உள்ளபடி சொல்லு.”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முகம் ரகசியம் காக்கத் தெரியாத முகம். சீட்டாட்டத்தில் என்னிடம் தோற்றவன் இதுவரை பிறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் முதுகும் அப்படித்தான் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

“ஊரெல்லாம் புரிஞ்சுதுன்னு சொல்லி வெச்சிருக்கேனே அத்தான்,” என்றான் மச்சான். “நாளைக்கு எவனும் என்னை மதிக்க மாட்டானே.” காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் எங்கள் வீட்டில் ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போனது அதுதான் முதல் முறை.

விசாரணை அறையில் நீளமான மேஜை, தகடு தகடாகத் தொங்கும் ஜன்னல் திரை, யாரும் குடிக்காத தண்ணீர். குருவி ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பெயருக்கு ஏற்ற உருவம், ஆனால் அன்று சிறகு நனைந்த மாதிரி இருந்தாள். முற்றுப்புள்ளி கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள்.

“ஆமா மேடம், படம் அன்னிக்கு எடுத்ததுதான். கேமரா என் கையை விட்டுப் போகல. ஆனா அங்கிள் வந்து எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டாரு. இவ்வளவு ஆசையா யாரும் என்கிட்ட கேட்டதில்ல. சொல்ல ஆரம்பிச்சிட்டேன்.”

“முழுக்கவா?”

“தெரியல மேடம். பாட்டுச் சத்தம். நான் சொன்னது எனக்கே கேக்கல. கையால ஏதோ ஜாடை காட்டினேன். அவருக்கு எது போய்ச் சேர்ந்துதோ அவருக்குத்தான் தெரியும்.”

சத்தம் பற்றி அவள் சொன்னது உண்மை. அந்த ஒலிபெருக்கியை நான்தான் அமர்த்தினேன். பக்கத்து ஊரில் கறந்த பால் அன்றைக்குத் திரிந்துபோனதாகக் கேள்வி. ஆக, இரண்டு வருட உழைப்பு, வாடகை அறை, காத்திருக்கும் கம்பெனி எல்லாம் என் மச்சானின் காதுக்குள் எது விழுந்தது என்பதில் வந்து நின்றது. பொய் சொல்லியிருந்தால் குருவி தப்பித்திருப்பாள். அவள் சொல்லவில்லை.

மச்சான் வந்தான். புதுச் சட்டை, சென்ட், தலையில் எண்ணெய். என்னைப் பார்க்கவே இல்லை.

“கேமரா எப்படி வேலைசெய்யுதுன்னு தெரியுமா?” என்றார் முற்றுப்புள்ளி.

“தெரியுமாவா? எனக்கு எல்லாம் புரிஞ்சுது மேடம்.”

குருவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “உள்ள ஒரு ஸ்ப்ரிங் மெத்தை இருக்கு மேடம். ரொம்பச் சின்னது, உள்ளங்கையில ஒளிச்சு வெக்கலாம். நாம முன்னாடி போய் நின்னா நம்ம பிம்பம் அதுல போய்ப் படுக்குது. ஒல்லியான ஆளுன்னா மெத்தை கொஞ்சம் அமுங்கும், என்னை மாதிரி ஆளுன்னா நிறைய அமுங்கும். எவ்வளவு அமுங்குதோ அதை வெச்சு லென்ஸ் எந்திரிச்சு வந்து சரி பண்ணிக்கும். அதனாலதான் மத்த கேமராவுக்கெல்லாம் என்னைப் படம் பிடிக்க முடியல. பாவம், அதுக்கெல்லாம் பஞ்சு மெத்தை. பஞ்சு என் எடையைத் தாங்குமா?”

இதோடு நிறுத்தினானா? ஸ்ப்ரிங்கின் வகைகளைச் சொன்னான். ஈரப்பதத்தில் பஞ்சு என்ன பாடுபடும் என்று சொன்னான். கேமராவை வெயிலில் உலர்த்த வேண்டும் என்றான். முற்றுப்புள்ளியிடம், “உங்களுக்கு இடுப்பு வலி இருக்கும்னு உக்கார்ந்த விதத்துலயே தெரியுது மேடம்” என்றான். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. என் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். வயிறு தனியாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

முற்றுப்புள்ளி எழுதிக்கொண்டே வந்தவர், தலையைத் தூக்காமல் கேட்டார். “சாய்வு பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

முழு விண்ணப்பமும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினான். ஜன்னலில் படுத்துத் தொங்கிய தகடுகளைப் பார்த்தான். குருவியைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான்.

“சொன்னாங்க மேடம்,” என்றான்.

பேனா நின்றது. குருவியின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்தன.

“சாய்ஞ்சு படுத்தா கழுத்து பிடிச்சுக்கும்னு சொன்னாங்க.” கொஞ்சம் யோசித்தான். “இல்லியே. அது நான் சொன்னேன். ஆமா, தலையணை விஷயம். நான்தான் சொன்னேன்.”

முற்றுப்புள்ளி சிரித்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்கியது, பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வெளியே வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பியூன் எதையோ கீழே போட்டுவிட்டான். சிரித்து முடித்து, முகத்தைப் பழையபடி மாட்டிக்கொண்டு, அவர் சொன்னதைப் பக்கத்தில் இருந்த சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். ‘சாட்சியிடம் எந்த அம்சமும் போய்ச்சேரவில்லை.’ அதைவிடச் சிறியதாக அவரே ஒன்று சேர்த்தார். ‘எதுவுமே.’

மச்சான் வெளியே வந்ததும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “பாத்தீங்களா அத்தான், ஆபீசரம்மா எவ்வளவு கவனமா எழுதிக்கிட்டாங்க! இனிமே நாட்டு ரெக்கார்டுல என் பேச்சு இருக்கும்.” குருவி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தேங்க்ஸ் அங்கிள்” என்றாள். “எதுக்கும்மா தேங்க்ஸ்? நீ விளக்கினதைத்தானே சொன்னேன்” என்றான் அவன். வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே நின்று, “என் தம்பி என்ன சொன்னான்?” என்றாள். “எல்லாத்தையும் சொன்னான்” என்றேன். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு திரும்பி வந்தது.

குருவிக்குக் காப்புரிமை கிடைத்து, எனக்கு ஓய்வும் கிடைத்த பிறகு ஒரு நாள் மச்சான் என்னைக் கடைக்கு வரச் சொன்னான். வெளியான காப்புரிமையில் படம் ஏழு இருக்கும் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தான். “ஒரே ஒரு படத்துலயாவது தெளிவா இருக்கேன் பாருங்க” என்றான். உறைகூடப் பிரிக்காத ஒரு மெத்தையில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது. வேலை எதுவும் இல்லாததால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்தது சட்டையை. கோடு தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. அந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. நானோ அது கோணங்கி முகம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். இப்போதுதான் பார்த்தேன். கட்டை விரலை நீட்டியிருந்தானே, அது கேமராவைப் பார்த்து ‘ஜோர்’ என்று நீட்டியது இல்லை. பக்கவாட்டில் எதற்கோ நேராகக் குறி வைத்து நீட்டியது. படத்தின் ஓரத்தில், அந்த விருந்து மண்டபத்து ஜன்னலின் திரைத் தகடுகள் கொஞ்சம் தெரிந்தன. விரல் அந்தப் படுக்கைக்கோடுகளின்மேல் நின்றது. ஒரு கண் மூடியிருந்தது, விரல் எவ்வளவு தாவுகிறது என்று பார்க்க ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்போமே அந்த மாதிரி. தலை சாய்ந்திருந்தது. எவ்வளவு சாய்வு என்று அளக்க எனக்கு அளவுகோல் தேவையில்லை. குருவியின் முதல் உரிமைக்கோரிக்கையில் எழுதியிருந்த அதே சாய்வு. வாயெல்லாம் பல் என்று நினைத்தேனே, அது சிரிப்பு இல்லை. ஒன்று சட்டென்று புரிந்துபோனவனின் வாய் தானாகத் திறந்துகொள்ளுமே, அது.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் ஒரு புதுமணத் தம்பதிக்கு மெத்தை காட்டிக்கொண்டிருந்தான். “இதே ஸ்ப்ரிங்தான் கேமராவுக்குள்ளயும் இருக்கு. சந்தேகம் இருந்தா அந்தப் படத்தைப் பாருங்க, கவர்மென்ட் ஒத்துக்கிட்டது.” அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அந்தப் பையன் அடக்கவில்லை. மச்சானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

அவர்கள் போனதும் கூப்பிட்டேன். “மச்சான், அன்னிக்கு அந்தச் சத்தத்துல குருவி சொன்னது உன் காதுல நிஜமாவே விழுந்துதா?”

அவன் மெத்தையின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டினான். “எனக்கு எல்லாம் புரிஞ்சுதுன்னு அன்னையிலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன் அத்தான். நீங்க யாராச்சும் நம்பினீங்களா?”

சொல்லிவிட்டு, தலையை லேசாகச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தான்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தேன். கடையில் அடுக்கியிருந்த மெத்தைகளின் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து ஓடின. அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய நீல மேகம், அதன் உச்சியில் வெள்ளையாகப் பற்கள். கண்ணாடி எப்போதோ பளிச்சென்று ஆகிவிட்டது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.